செவ்வாய்க்கிழமை நண்டும் ஏழு படித் தாளும்

பிறருடைய வியாபாரத்தைத் திருத்தப் போகிற உத்தியோகத்தில் ஒரு பெரிய வசதி உண்டு: அதற்கு முன்னால் நீங்கள் ஒரு தீப்பெட்டிகூட விற்றிருக்கத் தேவையில்லை. சண்டை முடிந்து சில வருடங்களில் மன்னாரில் எனக்கு அப்படி ஒரு வேலை கிடைத்தது. சிறுதொழில் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று பதவிப் பெயர். ஒரு ஸ்கூட்டி, ஒரு கட்டு வெள்ளைத் தாள், நாலு நிறத்தில் மார்க்கர், கொழும்பில் ஐந்து நாள் பயிற்சி. அந்தப் பயிற்சியில் எங்கள் தலையில் கட்டி அனுப்பியதுதான் ஏழு படி. பிரச்சினையை ஒரு வசனத்தில் எழுது. தகவல் சேர். காரணத்தைத் தோண்டு. தீர்வுகளைப் பட்டியல் போடு. ஒன்றைத் தெரிவு செய். செய்து பார். சரிவந்ததா என்று அளந்து பார். எந்தத் தொழிலுக்கும் எந்தப் பிரச்சினைக்கும் இது பொருந்தும் என்று பயிற்சி தந்தவர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

சுவரில் தாள் ஒட்டி, அதற்கு முன்னால் நின்று பேசிச் சம்பளம் வாங்கியவர்கள் யாராவது இதை வாசிக்கிறீர்களா? உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். காற்றடித்தால் தாள் விழும், காற்று நின்றால் கேட்கிறவர்கள் தூங்கி விழுவார்கள். இரண்டையும் தாங்கிப் பிழைத்த இனம் நாங்கள். நான் பார்த்த தொழில்களில் என்னை அதிகமாக அலைய வைத்தது ஒரு நண்டுச் சங்கம். இருபத்திரண்டு பெண்களின் பிழைப்பு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதற்கு முன்னால் எனக்குத் தலைக்கனம் ஏறிய கதையைச் சொல்லிவிட வேண்டும்.

உப்புப் பேணி

உப்புக்குளம் என்ற இடத்தில் ஒரு பேக்கரி. இரண்டு கிழமையாகப் பாண் எழும்பவில்லை. முதலாளி மாவை மாற்றிவிட்டார், ஈஸ்ட் வாங்குகிற கடையை மாற்றிவிட்டார், பாண் சுடுகிற போறணையை இடித்துக் கட்டவும் ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்த் தாளை ஒட்டினேன். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றிச் சுடுவோம், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றேன். முதலாளி நம்பாமல் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் காரணம் அகப்பட்டது. உப்பு அள்ளுகிற பழைய ரின்பால் பேணி, அந்தச் சின்னத் தகர டப்பா, கறள் பிடித்துப் போக, யாரோ அந்த இடத்தில் பால்மாப் பேணி ஒன்றை வைத்திருக்கிறார்கள். "இரண்டு பேணி உப்பு" என்ற கணக்கு மாறவில்லை, பேணிதான் பெருத்துவிட்டது. அத்தனை உப்பில் ஈஸ்ட் எப்படி எழும்பும்? அன்று பின்னேரம் போறணையிலிருந்து வந்த பாண் பஞ்சு மாதிரி நின்றது. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. முதலாளி சூட்டோடு இரண்டு றாத்தல் பாணைச் சுற்றிக் கையில் தந்துவிட்டு, மனைவி நின்ற பின்பக்கம் ஒருமுறை பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இதைத்தான் மிஸ் என்ர மனிசியும் முதல் நாளே சொன்னவ. அவ தாளில எழுதாமச் சொன்னபடியா நான் கவனிக்கேல்ல."

ஐந்து தீர்வு

அடுத்தது மன்னார்த் தீவைத் தாண்டிப் பெருநிலப் பக்கம், வயல் கிராமம். கனகலிங்கம் அண்ணை இரண்டு சில்லு உழவு மெஷின் வைத்து வாடகைக்கு உழுகிறவர். அந்தப் போகம் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன். அவருடைய மச்சானும் அதே மாதிரி ஒரு மெஷின் வாங்கி, அதே தெருவில், இரண்டு வீடு தள்ளி நிறுத்தியிருந்தார். முதல் மூன்று படியும் முற்றத்தில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. நாலாம் படிக்கு எங்கள் பயிற்சியில் ஒரு விதி: குறைந்தது ஐந்து தீர்வு எழுத வேண்டும், வருகிற எதையும் இது சரிவராது என்று தட்டிக் கழிக்கக் கூடாது.

அண்ணை மார்க்கரை வாங்கித் தானே எழுதினார். மெஷினை விற்பது. மச்சான் மெஷினை விற்பது. இரண்டு மெஷினையும் விற்று ஒரு பெரிய மெஷின் வாங்குவது. தங்கச்சி மூலம் மச்சானோடு கதைப்பது. நாலோடு கை நின்றுவிட்டது. விதி விதிதான், ஐந்தாவதும் வேண்டும் என்றேன். நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகம் மலர்ந்தது. எழுதாமலே என்னிடம் கேட்டார்:

"மச்சானுக்கு ஒரு உத்தியோகம் எடுத்துக் குடுத்தா எல்லாம் சரி. உங்கட கந்தோரில இடமிருக்கோ, மிஸ்?"

ஒரு வசனம்

நண்டுச் சங்கம் இருந்தது விடத்தல்தீவுக்குப் போகிற பாதையில், கடல் பக்கம் திரும்பினால் வருகிற ஒரு சின்னக் கரையில். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். ஏன் என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும். ஆண்கள் பின்னேரம் கடலில் நண்டு வலை விரித்துவிட்டு விடியப் போய் எடுத்து வருவார்கள். வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்றி, தரம் பிரித்து, ஐஸ் போட்டு அனுப்புவது பெண்கள். தெற்கே இருந்த ஒரு கொம்பனி சங்கத்திடம் நேரடியாக வாங்கியது. லொறியும் ஐஸும் அவர்களே அனுப்புவார்கள். அதற்கு முன்னால் கரைக்கு வருகிற ஏவாரிகள் சொன்னதுதான் விலை, போட்டதுதான் நிறை.

அந்தக் கொம்பனியிடமிருந்து கடிதம் வந்திருந்தது. சில மாதமாகக் கிழமைக்கு ஒரு லொறி நண்டு பழுதாகத்தான் வருகிறது, இன்னும் நாலு கிழமை, ஒரு மாதம் பார்ப்போம், திருந்தாவிட்டால் வாங்குவதை நிறுத்துவோம் என்று. சங்கத் தலைவி றீற்றா அக்கா அதை மடித்து மடித்துத் துணி மாதிரி ஆக்கி வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயது, உரத்த குரல், யாருக்கும் பயப்படாத ஆள். கொம்பனி விட்டால் திரும்பவும் ஏவாரிகளின் காலடிதான் என்று சொல்லும்போது மட்டும் அந்தக் குரல் உடைந்தது.

நான் தாளை ஒட்டினேன். பிரச்சினையை ஒரு வசனத்தில் சொல்லுங்கள் என்றேன். அரை மணித்தியாலம் இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில் "எங்கள் நண்டு பழுது என்று கொம்பனி திருப்பி அனுப்புகிறது" என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். றீற்றா அக்கா கையைக் கட்டிக்கொண்டு அதை வாசித்தார்.

"எழுதியாச்சு, பிள்ளை. இனி அது பயந்து ஓடிடுமோ?"

நாலாவது ஏன்

காரணம் தோண்டுவதற்கு எங்களுக்குச் சொல்லித் தந்த வழி, ஐந்து தடவை ஏன் என்று கேட்பது. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு ஏன். ஐந்தாவது ஏனில் அடிவேர் தெரியும் என்பது நம்பிக்கை.

நண்டு ஏன் பழுதாகிறது? சூடு படுகிறது. ஏன் சூடு படுகிறது? ஐஸ் பிந்திப் போடுகிறோம். ஏன் பிந்துகிறது? இவ்வளவு நேரம் ஒருவரையொருவர் பேசவிடாதவர்கள், இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி மெல்ல "லொறி..." என்று இழுத்தாள். லொறிச் சாரதி நிஸாம் நானா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எருக்கலம்பிட்டி முஸ்லிம் ஊர்க்காரர், நாற்பது தாண்டியவர், மூன்று வருடமாக அந்தக் கரைக்கு வருகிறவர். "லொறி ஏழரைக்கு நிக்கும், மிஸ். ஒரு நாளும் பிந்தினதில்ல" என்றார். அப்படியென்றால் வெயில்தான், வெயில் கூடிப்போச்சு என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். வெயில் ஏன் கூடியது என்று கேட்டேன். என் தலைவிதி, தாளில் அப்படித்தான் இருந்தது. பின்வரிசையில் இருந்த எமிலியானா அக்கா எழுந்து நின்று பதில் சொன்னார்:

"அஞ்சு கேள்வி எண்டியள், நாலிலயே ஆண்டவரிட்டப் போயிட்டம். மிச்சத்தை அவரிட்டத்தான் கேக்கோணும்."

சிவப்புப் புள்ளிகள்

நான் விடவில்லை. பழுதென்று திருப்பும்போது கொம்பனி எழுதித் தந்த துண்டுச் சீட்டுகளையெல்லாம் றீற்றா அக்காவிடம் வாங்கி, ஒரு கலண்டரில் நாளுக்கு நாள் சிவப்புப் புள்ளி வைத்தேன். வைத்து முடித்ததும் எனக்கே மயிர் கூச்செறிந்தது. எல்லாப் புள்ளியும் ஒரே நிரலில், மேலிருந்து கீழே, நேர்கோடு. செவ்வாய்க்கிழமை! வேறு ஒரு நாளில் ஒரு புள்ளியும் இல்லை.

கலண்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சங்கத்துக்குள் போனேன். கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். யாரும் அசையவில்லை. செவ்வாயில் நீரோட்டம் கொஞ்சம் வேறு மாதிரி என்றார் ஒருவர். ஓம், செவ்வாய் நண்டு கொஞ்சம் சோர்ந்துதான் வரும் என்றார் இன்னொருவர். நண்டுக்குக் கிழமை தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்று மூன்று பேர் உறுதியாகச் சொன்னார்கள். இவர்கள் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. கோபம் வந்தது. கெடு நாலு கிழமை, வீட்டில் நெருப்புப் பிடித்த மாதிரி இருக்க வேண்டியவர்கள் எனக்கு நண்டு சாத்திரம் சொல்லுகிறார்களே! ஸ்கூட்டியை உதைக்கப் போன என்னிடம் நிஸாம் நானா வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நீங்க தாளையே பாத்துக்கிட்டு இருக்கிறீங்க, மிஸ். ஒரு செவ்வாய் காலையில கரைக்கு வந்து பாருங்க."

சும்மா இருக்கிறம்

கெடுவின் முதல் செவ்வாய் காலை ஏழு மணிக்குக் கரையில் நின்றேன். வள்ளங்கள் வந்துவிட்டன. நண்டு கழற்றியாகிவிட்டது. கூடைகள் வரிசையாக இருந்தன, மேலே நனைத்த சாக்கு. ஏழரைக்கு லொறி வந்து ஐஸ் பெட்டிகளை இறக்கியது. ஒருவரும் ஒரு நண்டைக்கூட எடுத்துப் பெட்டியில் வைக்கவில்லை. எல்லாரும் கூடைப் பக்கத்தில் குந்தியிருந்து பனங்காட்டுக்குள்ளால் வருகிற ஒழுங்கைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மணி. எட்டரை. சாக்கு காய்ந்தது. யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒருத்தருக்காகவும் இல்லை, பிள்ளை. சும்மா இருக்கிறம்" என்றார் றீற்றா அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

ஒன்பது மணி கழிந்துதான் ஒழுங்கையில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. சந்தியோகு மூப்பர். ஊர் அந்தோனியார் கோயிலில் செபத்தை முன்நின்று சொல்லுகிற மூப்பர், எண்பதை எட்டியவர், கையில் தடி. பத்தடி நடப்பார், நிற்பார், ஒரு பனையில் கை வைத்து மூச்சு வாங்குவார், மறுபடி பத்தடி. வந்து சேர எல்லாரும் எழுந்து நின்றார்கள். முதல் கூடைக்கு மேல் சிலுவை வரைந்து ஒரு செபம் சொன்னார். அந்தக் கூடைதான் முதலில் ஐஸுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தங்கள் கூடையைத் தொட்டார்கள். செவ்வாய் அந்தோனியாருடைய நாள். அன்றைக்கு முதல் கூடை அவருடைய பங்கு, அது ஐஸுக்குள் போகும்வரை வேறு யாருடைய நண்டும் போகக் கூடாது. நானும் கத்தோலிக்க வேதக்காரிதான், ஆனால் பட்டினத்துக் கோயில். எங்களுக்கு மெழுகுதிரியோடு அந்தோனியார் திருப்தி.

முந்தியெல்லாம் மூப்பர் வள்ளத்துக்கு முன்னாலேயே கரையில் நிற்பாராம், நிஸாம் நானா சொன்னார். போன மழைக்குப் பிறகு முழங்கால் விட்டுவிட்டது. நண்டு பழுதாகத் தொடங்கியதும் அந்த மழைக்குப் பிறகுதான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூப்பருக்கு மட்டும் விளங்கவில்லை போலிருந்தது. ஆசீர்வாதம் முடிந்ததும் தடியை ஊன்றி நிமிர்ந்து, பெண்களைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார்:

"கெதியா அள்ளிப் போடுங்கோ பிள்ளையள், வெயில் ஏறுது. உங்களுக்கு எப்பவும் பிந்தித்தான்."

கிழித்தெடுத்த தாள்

அன்று பின்னேரமே கூட்டம் போட்டேன். மூன்றாம் படிக்குக் கீழே, காரணம் என்ற இடத்தில், கொட்டை எழுத்தில் "மூப்பர் பிந்தி வருகிறார்" என்று எழுதினேன். மார்க்கர் மூடியைப் போட்டுத் திரும்பினால், இருபத்திரண்டு பேரும் நான் கோயிலுக்குள் செருப்போடு ஏறியது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

றீற்றா அக்கா எழுந்து வந்தார். தாளைச் சுவரிலிருந்து மூலை கிழியாமல் எடுத்தார். நாலாக மடித்தார். பின்னால் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் வைத்தார். அது எரிந்து முடியும்வரை அங்கேயே நின்றார். பிறகு வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்து மெதுவாகச் சொன்னார். சண்டைக் காலத்தில் ஊர் எழும்பி ஓடியபோது ஆளாளுக்குக் கையில் கிடைத்ததைத் தூக்கினார்களாம். மூப்பர் வீட்டிலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை. கோயில் பீடத்திலிருந்த அந்தோனியார் சுரூபத்தை ஒரு சாரத்தில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். போன இடமெல்லாம் கொண்டு போனார், வரும்போது கொண்டு வந்து அதே பீடத்தில் வைத்தார். இப்போது அவரிடம் போய், உங்களால்தான் நண்டு பழுதாகிறது என்று யார் சொல்வது? சொன்னால் அன்றைக்கே விலகிவிடுவார். விலகினால் அதோடு ஆள் படுத்துவிடும். அப்படியென்றால் காரணத்தை எழுதாமல் எப்படித் தீர்ப்பது என்று கேட்டேன்.

"காரணத்தை எழுதலாம், பிள்ளை. ஆளை எழுதக்கூடாது."

ஸ்கூட்டியின் பின் ஆசனம்

சரி, எழுதாமலே தீர்க்கிறேன் என்று எனக்கு ரோசம் வந்துவிட்டது. மனதுக்குள்ளேயே நாலாம் படி, ஐந்தாம் படி எல்லாம் ஏறி ஒரு முடிவுக்கு வந்தேன். அடுத்த செவ்வாய் காலை ஆறரைக்கு மூப்பர் வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். "ஐயா, நான் கரைக்குத்தான் போறன். ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்."

மூப்பர் ஸ்கூட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். "எனக்கென்ன பிள்ளை, கால் இருக்குத்தானே. அந்தோனியாருக்கு முன்னால நான் நடந்து போய்த்தான் நிண்டனான்" என்றார். அதோடு விட்டாரா? பெண்பிள்ளை தனியாகப் போவது சரியில்லை, நானும் கூட வருகிறேன், நீங்கள் அதை உருட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். மணலில் ஸ்கூட்டி உருட்டியிருக்கிறீர்களா? அவர் பத்தடிக்கு ஒருமுறை நின்றார். நான் ஐந்தடிக்கு ஒருமுறை நின்றேன். எனக்காக அவர் காத்திருந்தார். பழைய நண்டுக் காலங்கள், யாருக்கு யார் ஞானப்பெற்றோர், எந்த வருடத் திருநாளில் மழை வந்தது எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கரைக்கு வந்து சேரும்போது பத்து மணிக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. அந்த லொறி முழுக்கப் பழுதென்று திரும்பியது. என் உதவியால் அரை மணித்தியாலம் கூடப் பிந்தி, இரண்டாவது கிழமையும் போய்விட்டது. ஒரு வள்ளத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். மூப்பர் மட்டும் அன்றைக்கு நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"கதைச்சுக்கொண்டு வந்ததில நேரம் போனதே தெரியேல்ல, பிள்ளை."

மனேஜரின் யோசனை

எங்கள் மனேஜர் நல்ல மனிதர். படிவம் நிரம்பியிருந்தால் அவருக்கு நித்திரை வரும். என் படிவத்தில் இரண்டாம் படிக்குப் பிறகு வெறுமையாக இருந்ததால் இரண்டு நாளாக அவருக்கு நித்திரை இல்லை. யாரையும் பெயர் சொல்லாமல் விஷயத்தை விளக்கினேன். மாற்று ஆள் போடலாமே என்றார். முடியாது என்றேன். ஆசீர்வாதத்தைப் புதன்கிழமைக்கு மாற்றலாமே என்றார். அந்தோனியாருக்குச் செவ்வாய்தான், சேர் என்றேன். அப்போ செவ்வாயில் நண்டு பிடிக்காமல் விடலாமே என்றார். ஏற்கெனவே ஞாயிறு விடியக் கடலுக்குப் போவதில்லை, இன்னொரு நாளும் விட்டால் அடுப்பு எரியாது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீங்கள் எல்லாத்துக்கும் ஏலாது எண்டால், அந்தோனியாரைத்தான் நாலாம் படிக்குக் கூப்பிடோணும்."

முன் ஆசனம்

மூன்றாவது செவ்வாய். நான் கரைக்குப் போனது ஏதாவது செய்யலாம் என்ற நம்பிக்கையில் இல்லை. கூடைக்குப் பக்கத்தில் நானும் குந்தியிருக்கலாம் என்றுதான் போனேன். ஏழரை ஆகியது. மூப்பரும் இல்லை, லொறியும் இல்லை. மூன்று வருடத்தில் ஒரு நாளும் பிந்தாத லொறி! கொம்பனி இன்றைக்கே நிறுத்திவிட்டதோ என்று இறங்குதுறைப் பாதைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். றீற்றா அக்கா மட்டும் அமைதியாகச் சாக்குகளை விலக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது பனங்காட்டு ஒழுங்கைக்குள் எஞ்சின் சத்தம் கேட்டது. லொறி ஒரு நாளும் அந்த வழியால் வருவதில்லை. மெயின் றோட்டால் வந்து இறங்குதுறைப் பாதையில்தான் திரும்பும். இன்றைக்கு ஒழுங்கை முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஆமை வேகத்தில், பனை ஓலைகளை உரசிக்கொண்டு வந்தது. முன் ஆசனத்தில் சந்தியோகு மூப்பர்! வெள்ளைச் சட்டைக் கையை யன்னலுக்கு வெளியே நீட்டி, இடப்பக்கம் பிடி, இப்ப வலப்பக்கம் ஒடி, பொறு, பொறு, அங்க மணல் இளகல் என்று கட்டளை போட்டுக்கொண்டு வந்தார். நிஸாம் நானா "ஓம் மூப்பர், சரி மூப்பர்" என்று சுக்கானைப் பிடித்திருந்தார். நெற்றியில் வேர்வை. அது நடிப்பு என்று நான் நினைக்கவில்லை, அந்த ஒழுங்கையில் லொறி ஓட்டினால் யாருக்கும் வேர்க்கும்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து றீற்றா அக்கா நிஸாம் நானாவுக்குப் போன் எடுத்திருக்கிறார். திங்கட்கிழமை நண்டேற்றிப் போகிற வழியில் அவர் மூப்பர் வீட்டுக்குப் போய், மழைக்குப் பிறகு இறங்குதுறைப் பாதை கெட்டுக் கிடக்கிறது, செவ்வாயில் பாரம் கூட, டயர் புதைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது, ஒழுங்கையால் வரலாம் என்றால் எனக்கு மணல் பிடிபடவில்லை, இந்த ஊர் மண்ணை உங்களைவிடத் தெரிந்தவர் யார், ஒரு பத்து நிமிடம் முன்னால் இருந்து காட்டினால் பெரிய உபகாரம் என்று கேட்டிருக்கிறார். இன்ஷா அல்லாஹ், ஏழேகாலுக்கு வந்து நிற்பேன் என்றும் சொல்லியிருக்கிறார். மூப்பர் யோசித்துவிட்டு, ஏழேகாலுக்கு வேண்டாம், ஏழுக்கே வா, நான் வெளிக்கிட்டு நிற்பேன் என்றாராம்.

ஏழு நாற்பதுக்கு முதல் கூடை ஐஸுக்குள் போனது. எட்டு மணிக்குள் கடைசிக் கூடையும் போய்விட்டது. நான் மணிக்கூட்டையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன், என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இது எந்தப் படி, அக்கா என்று றீற்றா அக்காவின் காதுக்குள் கேட்டேன். லொறிப் படி, பிள்ளை என்றார், நிமிராமலே. அன்றைய நண்டு ஒன்றும் திரும்பி வரவில்லை. நாலாவது செவ்வாய் நண்டும் திரும்பி வரவில்லை. அதற்கு அடுத்த கிழமை, தொடர்ந்து வாங்குவோம் என்று கொம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. எமிலியானா அக்கா அதைச் சங்கத்துக்குள் உரத்து வாசித்தார். இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இந்த முறை நான் யாரையும் நிறுத்தவில்லை.

மூப்பருக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடிதம் வந்த பிறகு வந்த செவ்வாய், லொறிக் கதவு திறந்து நிஸாம் நானா கை கொடுக்க, தடியை ஊன்றி இறங்கினார். என்னைக் கண்டதும் கிட்ட வரச் சொன்னார். நாற்பது தாண்டிய நிஸாம் நானாவைத் தடியால் சுட்டிக் காட்டி, அவருக்கும் கரை முழுவதற்கும் கேட்கிற மாதிரி இரகசியம் சொன்னார்:

"இந்தப் பெடியனுக்கு இன்னும் பாதை பிடிபடேல்ல, பிள்ளை. நான் வராட்டி உங்கட நண்டெல்லாம் பழுதாப் போயிடும்."

என்னுடைய அந்தப் படிவத்தை, முறைப்படி ஏழு படியும் ஏறித் தீர்த்த பிரச்சினைக்கு உதாரணமாகப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இன்றைக்கும் காட்டுகிறார்கள் என்று கேள்வி. காரணம் என்ற இடத்தில் "மணல் பாதை" என்று நான் எழுதியிருக்கிறேனாம், நானும் இல்லையென்று சொல்லப் போவதில்லை.